பலகாரக் காசு

இணையத்தில் கடை போடும் சிறு வியாபாரி, கடன் அட்டைப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊன்றிப் படிப்பது கட்டண விவரத்தை மட்டும்தான். நூற்றுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஆண்டுச் சந்தா உண்டா, முன்பணம் கேட்பார்களா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். நிபந்தனைகள் முப்பது நாற்பது பக்கம் இருக்கும். அவற்றை முதன்முதலாக முழுசாகப் படிக்கிறவர் பெரும்பாலும் வழக்கறிஞர்தான், அதுவும் பணம் நின்றுபோன பிறகு. 2018 தீபாவளி முடிந்த கையோடு மலேசியாவின் அலோர் காஜாவில் என் மேசைக்கு வந்த வழக்கும் அப்படிப்பட்டதுதான். சமரசத்தில் முடிந்ததால் தீர்ப்புத் தொகுப்புகளில் அதற்கு இடமில்லை. எதிர்த்தரப்பின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பதும் சமரசத்தின் ஒரு நிபந்தனை. சொன்னாலும் பெரிய பயனில்லை. அன்று நான் பார்த்த இத்தகைய ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் பெயரைத்தான் மாற்ற வேண்டும், வாசகம் ஏறக்குறைய ஒன்றே.

என் கட்சிக்காரர் ஓர் அம்மா; ரெம்பியா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த குடும்பம். பின்கட்டில் அடுப்பைப் போட்டு முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை செய்து விற்றார். முதலில் அக்கம்பக்கம், பிறகு தம்பின், மஸ்ஜிட் தானா. மூத்த மகள் ஓர் இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்ததும் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று ஆள் சேர்ந்தது. வியாபாரத்தை முறையாகப் பதிவு செய்திருந்தார். வங்கிக்குப் போனபோது மூன்று மாதக் கணக்கு அறிக்கை, கடையின் படம், ஒரு நேர்காணல் என்று கேட்டார்கள். அவரிடம் கடையே இல்லை. இன்னொரு நிறுவனத்தின் ஏஜெண்ட் வந்து, சேர்க்கைக் கட்டணம் கிடையாது, 2.8 சதவீதம் மட்டும் என்றார். இரண்டே நாளில் கணக்குத் திறந்தாகிவிட்டது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பார்கள்.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு கட்டணத்தில் இல்லை. வங்கி நேரடியாகக் கொடுக்கும் வணிகர் கணக்கில், வியாபாரி யார், எதை விற்கிறார், திரும்பக் கேட்டால் கொடுக்கத் திராணி இருக்கிறதா என்பதையெல்லாம் கதவைத் திறக்கும் முன்பே விசாரித்துவிடுவார்கள். மற்ற வழியில், இடைநிறுவனம் ஒன்று தன் பெயரில் உள்ள பெரிய கணக்குக்குள் நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகளைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு நாளில் முடிகிறது. விசாரணை இல்லாமல் போவதில்லை, தள்ளிப்போகிறது. விற்பனை ஏறும்போது அது நடக்கும், அப்போது வியாபாரியின் பணம் அவர்கள் கையில் இருக்கும்.

அந்த அம்மாவுக்கு நேர்ந்ததும் அதுவே. சாதாரண மாதங்களில் அட்டை வழியாக வந்த விற்பனை 1,500 முதல் 2,000 வெள்ளி. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. செப்டம்பர் இறுதியில் முன்பதிவைத் திறந்தார். மூன்றே வாரத்தில் 21,400 வெள்ளிக்கு ஆர்டர் குவிந்தது. அதில் 2,900 வெள்ளி அவர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அக்டோபர் நடுவில், வழக்கத்துக்கு மாறான விற்பனை காணப்படுவதால் கணக்கு நிறுத்தப்படுகிறது, மீதி 18,500 வெள்ளி 180 நாள் வைத்திருக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கையெழுத்து இல்லை, தொலைபேசி எண் இல்லை. தீபாவளிக்கு முந்திய மாதம் முறுக்கு அதிகமாக விற்பது வழக்கத்துக்கு மாறானது என்று கருத, மலேசியாவில் ஒருநாள்கூட இருந்திராத ஒரு கணினி நிரலால்தான் முடியும்.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இருந்தது. அதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் வழக்கின் முடிச்சு விளங்கும். அட்டையில் பணம் கட்டியவர் பொருள் வந்து சேரவில்லை என்றால் தன் வங்கியிடம் முறையிடலாம். அட்டை வலையமைப்புகளின் விதிப்படி இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. வாங்கியவரின் வங்கி வியாபாரியின் தரப்பு வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும், அது இடைநிறுவனத்திடம் கேட்கும், இடைநிறுவனம் வியாபாரியிடம் கேட்கும். வியாபாரி அதற்குள் கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் நட்டம் இடைநிறுவனத்தின் தலையில். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் பொருள் அனுப்பும் வியாபாரம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். திடீரென்று விற்பனை பத்து மடங்கு ஏறி, பிறகு ஆளே காணாமல்போன மோசடிகளை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆகவே ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதில் தவறு காண முடியாது. முழுப் பணத்தையும் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மாவு, பருப்பு, நெய், எண்ணெய், டப்பா எல்லாவற்றையும் அந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும். பணம் நின்றதும் அடுப்பு நின்றது. ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இந்த நிறுவனம் யாரென்றே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை காசு வாங்கியவர் அந்த அம்மாதான். நகையை அடகுக் கடையில் வைத்து 8,000 வெள்ளி வாங்கி, ராத்திரி பகலாகப் பிழிந்து பெரும்பாலானோருக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் 31 பேருடைய பொட்டலங்கள் தீபாவளிக்குப் பிறகே போய்ச் சேர்ந்தன. அந்த 31 பேரும் வங்கியில் முறையிட்டார்கள். அவர்களில் பலர் பொருளையும் பெற்றுக்கொண்டார்கள், பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எப்படி என்றால், ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஏழு நாளுக்குள் வியாபாரி தன் கணக்குப் பக்கத்துக்குள் நுழைந்து, பொருள் அனுப்பிய சான்றை ஏற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. நிறுத்தப்பட்ட கணக்குக்குள் நுழைய முடியாது என்பதும் நிறுவனத்தின் விதிதான். அஞ்சல் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்ற வழியில்லாமல், 31 முறையீட்டிலும் பதில் தராதவர் என்று தோற்றார். திரும்பப் போன தொகை 4,200 வெள்ளி. முறையீடு ஒன்றுக்கு 50 வெள்ளி வீதம் தண்டம் 1,550. முறையீடுகள் வருமோ என்ற பயத்தில் பணத்தை நிறுத்தினார்கள், பணம் நின்றதால் முறையீடுகள் வந்தன, வந்த முறையீடுகளையே காட்டித் தங்கள் பயம் சரிதான் என்று எனக்குப் பதில் எழுதினார்கள்.

“இது நான் வாங்கின கடனா சார்? என் காசுதானே?” என்று முதல் நாளே கேட்டார். அடகுக் கடை ரசீதையும் மேசைமேல் வைத்திருந்தார். அந்த ரசீதைத்தான் பிறகு நான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். 1972-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி மாத வட்டி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ரசீது கொடுத்தாக வேண்டும், மீட்க ஆறு மாதம் தர வேண்டும், ஏலம் விட்டால் அதற்கும் முறை உண்டு. நூறாண்டுக் காலம் ஏழைகளிடம் கெட்ட பெயர் வாங்கிய தொழில் என்பதால் சட்டம் அதன் ஒவ்வொரு விரலையும் கட்டி வைத்திருக்கிறது. இந்த இடைநிறுவனமும் ஆறு மாதம்தான் கேட்டது. ஆனால் வட்டி தரவில்லை, ரசீது இல்லை, எந்தக் காரணத்துக்காக எவ்வளவு தொகை என்று கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 8,000 வெள்ளிக் கடனுக்கு அந்த அம்மா ஆறு மாதத்தில் கட்டிய வட்டி 960. அதே ஆறு மாதம் அவருடைய 18,500 வெள்ளி ஒரு காசுகூட ஈட்டாமல் இன்னொருவர் கையில் கிடந்தது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் அப்போது 25,000 வெள்ளி வரை விசாரித்தது. பின்னாளில் வரம்பு 50,000 ஆனது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் கூடாது, விசாரணை தொடங்கினால் கூடியவரை 60 நாளுக்குள் தீர்ப்பு. ஏழைக்காகவே வடிவமைத்த மன்றம். ஆனால் பயனீட்டாளர் என்பவர் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குகிறவர். வியாபாரத்துக்குச் சேவை வாங்கியவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். 2010-இல் அதே சட்டத்தில் சேர்த்த நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றிய பகுதியும் பயனீட்டாளருக்கு மட்டும்தான். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பொட்டலம் தாமதமானதற்காக, வங்கி வழியாகப் பணம் கட்டியிருந்த ஒருவர் 96 வெள்ளிக்கு அந்த அம்மாமீதே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். அவருக்குக் கதவு திறந்தது. என் கட்சிக்காரர் தனியாகப் போய் நின்று, மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். முறுக்கு வாங்கியவருக்குச் சட்டத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. பிழிந்தவருக்கு அது இல்லை.

சிறு கோரிக்கை வழக்கு என்று இன்னொன்று உண்டு. 2012 நீதிமன்ற விதிகளின் 93-ஆவது ஆணைப்படி தனிநபர் ஒருவர் 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் கேட்கலாம். கம்பெனியாகப் பதியாமல் தனி ஆள் வியாபாரமாகப் பதிந்திருந்ததால் அந்த அம்மா அங்கே தனிநபர். அதாவது ஒரே ஆள் ஒரு மன்றத்தில் வியாபாரி, இன்னொன்றில் சாதாரணக் குடிமகள். ஆனால் 18,500-ஐ 5,000-ஆகச் சுருக்கி மீதியைக் கைவிட யாருக்கு மனம் வரும்? ஆகவே 100,000 வெள்ளி வரை விசாரிக்கும் அதே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையான வழக்காகவே போட்டோம். ஒப்பந்தம் மலேசிய நீதிமன்றங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தது, எந்த ஊர் என்று சொல்லவில்லை. அந்த ஒரு கவனக்குறைவால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு தவணைக்கும் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, சிம்பாங் அம்பாட் டோலில் இறங்கி அலோர் காஜாவுக்கு வர வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் எங்களுக்கு எதிராக நின்றன. ஒன்று, நிறுவனம் தன் சொந்த விருப்பப்படி எந்தத் தொகையையும் நிறுத்தி வைக்கலாம். மற்றது, அதனால் வரும் எந்த நட்டத்துக்கும் வணிகர் வழக்குத் தொடர முடியாது. இரண்டாவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, உரிமையை நீதிமன்றத்தில் கேட்க விடாமல் முழுதாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நாங்கள் வழக்கைத் தயார் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், வீட்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்றில் இருந்த இப்படிப்பட்ட வாசகத்தை, சிஐஎம்பி வங்கி தொடர்பான வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவின் கீழ் செல்லாததாக்கியது. கடன் தவணையைக் கட்டுமானக்காரருக்கு வங்கி கட்டத் தவறியதால் வீட்டையே இழந்த ஒரு தம்பதியின் வழக்கு அது. சிறிய ஊர் வக்கீலுக்கு இப்படி ஒரு தீர்ப்பு நேரத்தோடு வந்து சேருவது அபூர்வம்.

முதல் வாசகம்தான் கடினம். விருப்பப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு (இங்கே கையெழுத்தும் இல்லை, ஒரு கட்டத்தைத் தொட்டதுதான்) அந்த விருப்பத்துக்கு எல்லை உண்டா? 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிபி கப்பல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் இதை ஆராய்ந்தது. கடலில் காணாமல்போன ஒரு பொறியாளர் தற்கொலை செய்துகொண்டார் என்று நிறுவனம் தானே முடிவு கட்டி, மனைவிக்குச் சேர வேண்டிய தொகையை மறுத்திருந்தது. ஒப்பந்தம் ஒரு தரப்புக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுத்தாலும், கணக்கில் எடுக்க வேண்டியதை எடுத்து, விடவேண்டியதை விட்டு, அறிவுக்குப் பொருந்த முடிவெடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். தீபாவளியைக் கணக்கில் எடுக்காத முடிவு எந்த வகை என்று நான் கேட்டேன்.

பத்திரத்தில் தூங்கும் வாசகத்தைப் பற்றி அலோர் காஜாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று டச்சுக்காரர் காலத்து ஒப்பந்தத்தில் இருந்தது. எங்கள் வட்டாரமான நானிங்கின் மக்கள் கொடுத்து வந்ததோ ஆண்டுக்கு 400 கந்தாங் நெல். பிறகு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஃபுல்லர்ட்டன் பழைய காகிதத்தைப் படித்துவிட்டு முழுப் பத்தில் ஒன்றைக் கேட்டார். நானிங்கின் தலைவர் பெங்ஹூலு டோல் சைட் மறுத்தார். 1831-இலும் 1832-இலும் படை வந்தது. வரியாகக் கிடைத்திருக்கக் கூடியதைவிடப் பன்மடங்கு போரில் செலவாயிற்று. எங்கள் ஒப்பந்தத்திலும் பத்து சதவீத ஒதுக்கு என்று ஒரு வாசகம் இருந்தது, அதை அவர்கள் அதுவரை தொட்டதே இல்லை. தொட்டபோது நூறு சதவீதமாகத் தொட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர்; வாசகங்களைவிட நாள்காட்டியை நம்பினார். ஜனவரியில் வழக்குப் பதிவாயிற்று. எதிர்வாதம் தாக்கல் செய்ய அவகாசம், ஆவணங்கள் தர அவகாசம், பிறகு ஒரு தவணை. ஏப்ரல் நடுவில் 180 நாள் முடிந்தது. முறையீட்டுத் தொகையையும் தண்டத்தையும் கழித்துக்கொண்டு 12,750 வெள்ளியை அனுப்பிவிட்டார்கள். அடுத்த தவணையில் எழுந்து, பணம் கொடுத்தாயிற்று, வழக்கில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்றார். இந்த முறையில் ஒரு நிறுவனம் ஒரு வழக்கிலும் தோற்க வேண்டியதில்லை: நிறுத்தி வைக்கும் காலம் வழக்கு விசாரணைக்கு வரும் காலத்தைவிடக் குறைவாக இருந்தாலே போதும்.

மிச்சம் 5,750 வெள்ளி. 750-ஐ விட்டுக்கொடுத்தால் சிறு கோரிக்கையாகவே போட்டிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். மாஜிஸ்திரேட் இளம் வயதுப் பெண்மணி. முறையீடுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, இவற்றுக்கு வணிகர் ஏன் பதில் தரவில்லை என்று கேட்டார். கணக்கு நிறுத்தப்பட்டிருந்தது என்று எதிர்த்தரப்பே சொல்ல வேண்டியிருந்தது. “அப்படியானால் எந்த வழியாகப் பதில் தந்திருக்க வேண்டும்?” என்றார். அதற்குப் பதில் அந்த மேசையில் யாரிடமும் இல்லை.

ஆவண விஷயத்திலும் ஒரு திருப்பம் இருந்தது. நிறுவனம் தந்த பட்டியல் கணினியிலிருந்து எடுத்தது. அப்படிப்பட்ட அச்சுப்பிரதி சாட்சியமாக ஏற்கப்பட, 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு சொல்லும் சான்றிதழோ பொறுப்பானவரின் சாட்சியமோ வேண்டும். அந்தக் கணினி நாட்டிலேயே இல்லை, அதை இயக்குகிறவர் யார் என்பதும் வக்கீலுக்குத் தெரியவில்லை. எங்களிடம் இருந்தது மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்த 555 நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், ஊர், “அ.மு. 2, நெ.உ. 1”, கட்டிய தேதி, அனுப்பிய தேதி, எண்ணெய்க் கறையோடு, அம்மாவின் கையெழுத்தில். அஞ்சல் ரசீது ஒவ்வொன்றும் அதனதன் பக்கத்தில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. தோட்டத்துப் பெரிய கிராணிகூட இவ்வளவு ஒழுங்காகச் செக்ரோல் எழுதியிருக்கமாட்டார். அந்த நோட்டை ஆவணமாகக் குறிக்க எதிர்ப்பு வரவில்லை.

பேசித் தீர்க்கச் சொல்லி வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. 3,500 வெள்ளி தருவதாகவும், செலவுத் தொகை யாருக்கும் இல்லை என்றும் முடிவாயிற்று. பேசிப் பார்த்ததில், எங்கள் வாதத்தின் வலிமையைவிட, கோலாலம்பூர் வக்கீலின் இன்னொரு நாள் கட்டணமே அவர்களை அதிகம் யோசிக்க வைத்தது என்பது எனக்குப் புரிந்தது. தீர்ப்பு வந்திருந்தால் அடுத்தவருக்கு உதவியிருக்கும். ஆனால் அடகு நகையை மீட்கக் காத்திருப்பவரிடம், சட்டம் வளர நீங்கள் இன்னும் ஓராண்டு பொறுங்கள் என்று சொல்ல எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. 2021 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வணிகர்களுக்கு அட்டைப் பணச் சேவை தருவோருக்கென்று ஒரு தனிக் கொள்கை ஆவணம் வெளியிட்டு, வணிகர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பாதுகாப்பதையும் அதில் பேசியது. எங்கள் வழக்கின் காகிதங்கள் அப்போது கட்டிப் பரணில் கிடந்தன.

2019 தீபாவளிக்கு முன் அந்த அம்மா மறுபடியும் ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரர்களை எஃப்பிஎக்ஸ் வங்கி மாற்றுக்குத் திருப்பிவிட்டார். ஓர் ஆர்டருக்கு ஒரு வெள்ளி அளவில் போகும், அட்டைக்கு உள்ளது போன்ற முறையீட்டு வழி அதில் இல்லை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் அட்டை வேண்டியிருந்தது. வந்த ஏஜெண்டுகளிடம் சதவீதத்தைக் கடைசியில் கேட்டார். பண்டிகை விற்பனையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பதிந்துகொள்வீர்களா, நிறுத்தி வைத்தால் எத்தனை சதவீதம் வரை, கணக்கை நிறுத்தினாலும் உள்ளே போய் ரசீதை ஏற்ற முடியுமா என்று தமிழில் எழுதி வைத்திருந்ததை மகள் மொழிபெயர்த்துக் கேட்டாள். தலைமை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று போன இருவர் கூப்பிடவே இல்லை. மூன்றாமவர் எழுத்தில் பதில் அனுப்பினார், அவரிடமே கணக்குத் திறந்தார். கட்டணம் 3.2 சதவீதம்.